முதுமையைப் பாகம் பிரித்தால் பாட்டி ஏன் விழுந்தார் என்று தெரியாது

முதுமையியல் பாடத்திட்டம் என்ற பேரில் பல இடங்களில் நடப்பது பாகப்பிரிவினை. செல் மூப்பு உயிரியலுக்கு, எலும்புத் தேய்மானம் மருத்துவத்துக்கு, மறதி உளவியலுக்கு, பென்ஷன் பொருளியலுக்கு, தனிமை சமூகவியலுக்கு. ஆளுக்கொரு யூனிட் முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஐந்தையும் ஒட்டுப்போடும் வேலை மாணவர் தலையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு 1996லேயே எம்.டி. வந்துவிட்டது. ஆனால் முதியவர் வீடு திரும்பிய பிறகு நடப்பதைப் புரிந்துகொள்ள டாக்டர் மட்டும் போதாது.

துறையை விடுங்கள், ஒரு கேள்வியை எடுங்கள் என்பது என் கட்சி. 'பாட்டி பாத்ரூமில் ஏன் விழுந்தார்?' ஒரு செமஸ்டருக்கு இது தாங்கும்.

முதலில் பிரஷர். 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு தடவை, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், மருந்துதான் காரணமா என்று பார்க்க மாத்திரைச் சீட்டைக் கையில் எடுக்க வேண்டும். உட்காரவைத்து மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

பிறகு நடை. கைப்பிடி உள்ள நாற்காலி, உட்காரும் உயரம் சுமார் 46 செ.மீ.; தரையில் 3 மீட்டர் அளந்து ஒரு கோடு. 'எழுந்திருங்க' என்றதும் ஸ்டாப்வாட்ச் ஓட வேண்டும்; கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார்ந்ததும் நிற்க வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு. மாணவர்கள் சொதப்புவது இங்கேதான். லேசான பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் நழுவும். 'சீக்கிரம் பாட்டி' என்று உற்சாகப்படுத்தினால் அது ஓட்டப்பந்தயம். வேண்டியது வழக்கமான நடை. கைத்தடி ஊன்றலாம், ஆனால் தாளில் குறித்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், பாட்டிக்கு என்ன வயது? பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களிடம் கேட்டால் 60, 65, 70 என்றே வந்து குவியும். பென்ஷனுக்காகக் கூட்டிச் சொன்ன வயது ஆதாரிலும் ஏறியிருக்கலாம். 'தனுஷ்கோடி புயலப்போ (1964) கல்யாணம் ஆயிடுச்சா? அண்ணா இறந்தப்போ (1969) எத்தனை குழந்தை?' என்று கேட்டுத்தான் நெருங்க முடியும். இது மக்கள்தொகையியல்காரர் சொல்லித்தர வேண்டிய வித்தை. வயது தப்பு என்றால், வயதை வைத்து ஆய்வகத்துக்காரர் வரையும் வரைபடக் கோடும் தப்பு.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. 80 வயதினரின் நினைவாற்றல் மதிப்பெண்ணை 50 வயதினரோடு ஒப்பிட்டு, '30 ஆண்டில் இவ்வளவு குறைகிறது' என்று எழுதிவிடுவார்கள். அந்த 80 வயதுக்காரர் பள்ளிக்கூட வாசலையே மிதித்திருக்க மாட்டார். ஒரு வாக்கியம் எழுதிக்காட்டு என்னும் சோதனையில் அவர் தோற்பது மூளையாலா, பள்ளிக்கூடம் இல்லாததாலா? ஹரியானாவின் பல்லப்கரில் எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே இந்தியில் ஒரு சோதனையைத் திருத்தி அமைத்தது இதனால்தான். ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது இன்னும் நல்ல வழி. 2017-18ல், 45 வயதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களும் அவர்களின் துணைவர்களுமாக 72,000 பேருக்கு மேல் வைத்துத் தொடங்கிய 'லாசி' (LASI) என்ற இந்திய நீண்டகால முதுமை ஆய்வு அந்த ரகம். அதிலும் ஒரு கண் வைக்க வேண்டும்: நலிந்தவர்கள் முதலில் இறந்துபோவார்கள், மிஞ்சியவர்களின் சராசரி அழகாகத் தெரியும்.

தேர்வுக்குக் கட்டுரை வேண்டாம். பாத்ரூமின் அளவுப்படம், மாத்திரைச் சீட்டு, பென்ஷன் பாஸ்புக் மூன்றையும் மேஜையில் வைத்து, கைப்பிடிக் கம்பி எங்கே, எந்த உயரத்தில், யார் காசில் என்று கேளுங்கள்.