சாயா குடிச்சதாலதான் வீடு வாங்க முடியலையாம்

ஞாயிற்றுக்கிழமை மனை விற்பனை விழாவில் அந்த அண்ணாச்சி பேசின வீடியோவை இதுவரை ஏழு பேர் அனுப்பிவிட்டீர்கள். பார்த்தாச்சு. "தினமும் கடையில சாயாவும் ரசவடையும் தின்னுற பயலுக எப்படி வீடு வாங்குவானுக?" கூட்டம் கைதட்டுகிறது. தட்டியவர்களில் வாடகை வீட்டுக்காரர்கள் சிலரை எனக்கே தெரியும்.

சரி, கணக்குப் போடுவோம். சாயா, வடைக்கு நாளுக்கு 40 ரூபாய். வருஷத்துக்கு 14,600. போன மாதம் நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் என்னிடம் சொன்ன விலை, சென்ட் 9 லட்சம். வாயைக் கட்டினால் 62 வருஷத்தில் ஒரு சென்ட் வாங்கிவிடலாம். 435 சதுர அடி. பத்திரச் செலவு 9 சதவீதம் தனி. 10 லட்சத்துக்குள் பெண்கள் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளுபடி உண்டாம். அந்த ஒரு சென்டை மனைவி பேரில் எழுதிவிட்டு இரண்டு பேரும் அதில் நின்றுகொள்கிறோம்.

நாகர்கோவிலில் வேலை பார்த்து நாகர்கோவிலில் வீடு வாங்க முடியவில்லை. நான் சொல்வது இதுதான்.

அன்றைக்கு புரோக்கர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் எல்லைக்கல்லைக் காட்டினார். முந்தின வருஷம் வரை வயல். மண்ணடித்து மேடாக்கியிருந்தார்கள், ஓரத்தில் இன்னும் ஈரம். நான் காலால் மண்ணை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் போனைத் தூக்கிப் பிடித்து அதே கல்லை இன்னொருவருக்கு வீடியோ காலில் காட்டுகிறார். "சாரே, குவைத்துல ஆள் ரெடி. ராத்திரிக்குள்ள சொல்லணும்." ராத்திரி நான் கூப்பிட்டபோது இடம் போயிருந்தது.

உடனே வெளிநாட்டுக்காரர்கள் மேல் வயிற்றெரிச்சல் என்பீர்கள். என் அத்தானே 19 வருஷம் வளைகுடாவில் வெயிலில் வெந்தவர். அவர் வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது? அவர் பணம் போடுகிற விலையை என் 22,000 சம்பளத்தில் எட்டிப் பிடிக்க முடியாததைச் சோம்பேறித்தனம் என்று மேடையில் சொல்லாதீர்கள்.

இடமே குறைவு என்கிற வாதம் நியாயம்தான். 2011 கணக்கெடுப்பிலேயே இந்த மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். மாநிலச் சராசரி 555. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்றுப் பூட்டியே கிடக்கிற மாடி வீடுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

"கிராமத்துப் பக்கம் போலாமே." போனேன் சார். அங்கே வாடகைக்குக் கேட்டால் முதல் கேள்வி வாடகையைப் பற்றியே இல்லை. "நீங்க என்ன ஆளுக?"

சிக்கனத்தைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம். எங்கள் அப்பா கடைச் சாயா குடித்து நான் பார்த்ததில்லை. தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுபோன மனுஷன். இருந்த 10 சென்டை 1998-ல் அக்கா கல்யாணத்துக்கு விற்றார். இன்றைக்கு அது ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம். கிணறு இருந்த இடத்தில் போன வாரம் என் பைக்கை நிறுத்தினேன், டோக்கன் 10 ரூபாய்.

அண்ணாச்சி கணக்குப்படி அப்பா பங்களா கட்டியிருக்க வேண்டும். அவர் செத்தது வெட்டூர்ணிமடத்தில் ஓர் ஒத்தி வீட்டில். உடலை முற்றத்தில் கிடத்தலாமா என்று விடியற்காலை நாலு மணிக்கு வீட்டுக்காரர் கதவைத் தட்டிக் கேட்டது நான்தான்.