பேசிக் எவ்வளவு மாப்ள?

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, துபாய்க்கு ஒரு விசா இருக்காம். ஹெல்பர் வேலை. 1,200 திர்ஹம், ரூம் கம்பெனி குடுத்துரும், சாப்பாடு நம்ம செலவு. ஏஜென்ட் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கேக்குறார். போகலாமா?"

"வா மாப்ள, பாத்துக்கலாம்" என்று வாய்வரை வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து யார் கேட்டாலும் அதுதான் என் பதில். வேலை எப்படி? நல்லா இருக்கு. ரூம்? ஏசி ரூம். சாப்பாடு? மெஸ் இருக்கு. இதில் ஒன்றும் பொய் இல்லை. ரூமில் ஏசி இருப்பது உண்மைதான். அதன் கீழே அடுக்குக் கட்டிலில் எட்டுப் பேர் படுத்திருக்கிறோம் என்பதை மட்டும் நான் சொன்னதில்லை.

ஏஜென்ட்டைத் திட்டுவது சுலபம். ஆனால் அவனுக்குச் சம்பளம் வாங்காமல் விளம்பரம் செய்துகொடுப்பது இங்கே இருக்கும் நாங்கள்தான். 2013-ல் நான் வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை ஐந்து பேராக மெட்ரோ பிடித்துப் போய் புர்ஜ் கலிஃபா முன்னால் போட்டோ எடுத்தோம். நான் போட்டிருந்த கூலிங் கிளாஸ் பக்கத்துக் கட்டில் நாகப்பட்டினத்துக்காரருடையது. அக்கா அந்தப் போட்டோவை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினாள். அப்போது எட்டு வயதாக இருந்த பையன்தான் இப்போது போன் செய்கிறான்.

சரி, அந்தப் போட்டோவில் இல்லாததைச் சொல்கிறேன்.

எங்கள் கேம்ப் சோனாப்பூரில். அரசுப் பெயர் முஹைஸ்னா, ஆனால் அப்படிச் சொன்னால் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சோனாப்பூர் என்றால் இந்தியில் பொன்னூர் என்று அர்த்தமாம், யார் வைத்தார்களோ! காலை நாலு மணிக்கு பாத்ரூம் வரிசை. நாலே முக்காலுக்கு பஸ். ஜெபல் அலி சைட்டுக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் தூக்கம்தான். முதல்நாள் ராத்திரி சமைத்துக் கட்டிய சோறு வெயில் காலத்தில் பத்து மணிக்கே நாற ஆரம்பித்துவிடும். அதனால் குப்பூஸ் ரொட்டியும் தயிரும் வாங்கி வைத்துக்கொள்வோம்.

வெயிலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், குழாய்த் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். ஜூலை மாதம் மொட்டைமாடித் தொட்டியில் கிடக்கும் தண்ணீரில் கை வைக்க முடியாது. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். ஹீட்டரை அணைத்துவிட்டால் அதற்குள் இருக்கும் தண்ணீர் ரூம் குளிர்ச்சிக்கு வந்துவிடும். ஆக, வெயில் காலத்தில் சுடுதண்ணீர்க் குழாயில்தான் குளிர்ந்த தண்ணீர் வரும். முதல் ஆள் குளித்து முடித்தால் தீர்ந்தது. நாலு மணி வரிசையில் அவ்வளவு தள்ளுமுள்ளு எதற்கு என்று புதிதாக வருகிறவனுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் புரியும்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம். மீறினால் ஓர் ஆளுக்கு 5,000 திர்ஹம் அபராதம், அதனால் எங்கள் சைட்டில் ஒழுங்காகவே விடுகிறார்கள். ப்ளைவுட்டை விரித்து நிழலில் படுத்துவிடுவோம். மூன்று மணிக்கு ஃபோர்மேன் "யல்லா யல்லா" என்று எழுப்பும்போதும் வெயில் குறைந்திருக்காது. ஆகஸ்டில் காற்றிலேயே ஈரம் இருக்கும், வேர்வை காயாது. சாயங்காலம் கழற்றும் சட்டையில் உப்பு வெள்ளைக் கோடு கோடாகப் படிந்திருக்கும்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லவில்லை. வாட்ஸ்அப் கால் இங்கே போகாது, போட்டிம் என்ற ஆப்பில் கூப்பிடுவேன். வீடியோ போடும்போது போனைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்வேன். 2024 ஜூன் 12-ந் தேதி குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் எரிந்தது. இறந்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். அதில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அன்று ராத்திரிதான் என் மனைவி முதல்முறையாகக் கேட்டாள்: "உங்க ரூம்ல எத்தனை பேரு?" கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து.

சொல்லாமல் விட்டதில் பெரியது சம்பளக் கணக்கு. அதனால்தான் மருமகனிடம் முதல் கேள்வியாக "பேசிக் எவ்வளவு மாப்ள?" என்று கேட்டேன். "அதான் 1,200 மாமா" என்றான். அது மொத்தம். பேசிக் என்பது அதில் அடிப்படைச் சம்பளம் மட்டும். எனக்கு 1,000 என்று சொல்லித்தான் விமானம் ஏற்றினார்கள். இங்கே வந்து கையெழுத்துப் போட்ட தாளில் பேசிக் 500, மீதி அலவன்ஸ். கையில் வருவது அதே ஆயிரம்தானே என்று நானும் போட்டுவிட்டேன். ஓவர்டைம் போடுவது பேசிக்கை வைத்து என்று பிறகுதான் தெரிந்தது. 1,200-ல் பேசிக் 600 என்றால் ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை திர்ஹம், சட்டப்படி கால் பங்கு சேர்த்தால் மூன்று திர்ஹம் சொச்சம். ஒரு கரக் டீயும் சமோசாவும் வாங்கலாம். முழுசும் பேசிக் என்றால் அதே ஒரு மணி நேரத்துக்கு ஆறேகால்.

கடைசியில் ஊருக்குக் கிளம்பும்போது கொடுக்கும் கிராஜுவிட்டியும் அப்படித்தான். முதல் ஐந்து வருடம் வருடத்துக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் 30 நாள். 600 பேசிக்கில் பத்து வருடம் உழைத்தால் 5,100 திர்ஹம். 1,200 என்றால் 10,200. ஒரே ஆள், ஒரே முதுகு, தாளில் ஓர் எண் மட்டும் வேறு.

அந்த எண்ணை விமானம் ஏறுவதற்கு முன்பே பார்க்கலாம். ஆஃபர் லெட்டரில் ஊரிலேயே கையெழுத்து வாங்க வேண்டும் என்று 2016-லிருந்து இங்கே விதி. தமிழிலும் அச்சடித்துக் கொடுப்பார்கள். ஏஜென்ட் வாங்கக்கூடிய கூலி நம் நாட்டு விதிப்படி 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. நான் கொடுத்தது 90,000, அத்தனையும் வட்டிக்கு. என்னை ஏமாற்றியது அரபி இல்லை, என் பக்கத்து ஊர்க்காரர். இன்றும் கல்யாண வீட்டில் பார்த்தால் "என்ன மருமகனே, சௌக்கியமா" என்பார்.

அரபிகளை நான் பார்த்ததே கொஞ்சம். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் பந்தியில் உட்கார்ந்தால் எந்த மதம் என்று ஒருவரும் கேட்டதில்லை, பிரியாணித் தட்டு தானாக முன்னால் வரும். சம்பளம் வங்கி வழியாக வருவதால் தேதி தவறியது இரண்டு முறைதான். இந்த ஊர் எனக்கு ஒரு ஓட்டு வீட்டை மெத்தை வீடாக்கிக் கொடுத்திருக்கிறது, தங்கைக்குக் கல்யாணம் செய்துகொடுத்திருக்கிறது. வராதே என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அக்காவுக்கு அது புரியவில்லை. மறுநாளே கூப்பிட்டாள். "நீ மட்டும் போயி வீடு கட்டிக்கலாம், என் பிள்ளை போகக் கூடாதா?" நான் வீடியோவைப் போட்டு, போனைச் சுவர்ப்பக்கத்திலிருந்து திருப்பி, ரூம் முழுக்கக் காட்டினேன். மேல்கட்டில், கீழ்க்கட்டில், திரைக்குப் பதிலாகக் கட்டியிருக்கும் லுங்கி, கட்டிலுக்கு அடியில் அரிசிப் பை. நாகப்பட்டினத்துக்காரர் கீழ்க்கட்டிலிலிருந்து எழுந்து "வாங்கக்கா" என்று கும்பிட்டார். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஃபேன் இல்லையாடா?" என்றாள்.

நேற்று மருமகன் திரும்பக் கூப்பிட்டான். பேசிக் எவ்வளவு, ஆஃபர் லெட்டர் எங்கே என்று ஏஜென்ட்டிடம் கேட்டிருக்கிறான். "நீ முதல்ல விசிட் விசாவுல போ, அங்க போயி மாத்திக்கலாம்" என்று பதில் வந்ததாம். பாஸ்போர்ட்டையும் முன்பணம் பத்தாயிரத்தையும் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருக்கிறான், அதை என்னிடம் சொல்லவில்லை. முதலில் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கச் சொல்லியிருக்கிறேன்.