கோச்சபாம்பாவை விட்டுவிட்டீர்களே

தண்ணீருக்கு விலை வைத்தால்தான் வீணாவது நிற்கும், அதனால் விநியோகத்தைத் தனியாரிடம் விடலாம் என்கிறது உங்கள் கட்டுரை. கட்டணம் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. குழாய்க்கும் மோட்டாருக்கும் செலவு இருக்கிறது. ஆனால் பொலிவியாவின் கோச்சபாம்பாவில் நடந்ததை நீங்கள் தொடவே இல்லை. 1999இல் அந்த நகரத்தின் குடிநீர், பெக்டெல் என்ற அமெரிக்கக் கட்டுமான நிறுவனம் பங்கு வைத்திருந்த தனியார் கூட்டமைப்பிடம் 40 ஆண்டுகளுக்குப் போனது. கொஞ்ச நாளிலேயே கட்டணம் தாறுமாறாக ஏறியது. அதைவிடக் கொடுமை, மக்கள் கைக்காசு போட்டுத் தோண்டிய கிணறுகளும் அந்த ஒப்பந்தத்துக்குள் போய்விடும் என்ற நிலை. இது எந்தச் சிக்கனத்தில் சேர்த்தி? தெருவில் இறங்கிப் போராடி, 17 வயதுப் பையன் ஒருவனைத் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்து, 2000 ஏப்ரலில்தான் ஒப்பந்தத்தை ரத்து செய்ய வைத்தார்கள்.

சரி, அரசிடம் திரும்பியதும் எல்லாம் சீராகிவிடவில்லை. நகரின் தென்பகுதி ஏழைகள் அதன் பிறகும் லாரித் தண்ணீரைத்தான் அதிக விலைக்கு வாங்கினார்கள். ஆனால் அரசிடம் இருந்தால் கேள்வி கேட்கவும், ஓட்டுப் போட்டு ஆளை மாற்றவும் வழி இருக்கிறது. 40 ஆண்டு ஒப்பந்தத்தை யாரிடம் போய்க் கேட்பது?

குடிநீர் மனித உரிமை என்று 2010இல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்ததும் இதே பொலிவியாதான். இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது.