குளிரில் நொதி சாவதில்லை
குளிர்ந்தால் நொதி (உயிர்களில் வேதிமாற்றங்களை வேகப்படுத்தும் புரதம், என்சைம்) அழிந்துவிடும் என்று கட்டுரையில் எழுதியிருப்பது சரியில்லை, அது மெதுவாகும், அவ்வளவுதான். கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன், ஜனவரி பனியில் உருட்டி நசுக்கிய இலை பச்சை மாறிச் செம்பு நிறத்துக்கு வர ரொம்ப நேரம் எடுக்கும், ஆனால் அந்த வேலையைச் செய்யும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி அப்படியேதான் இருக்கிறது, அறையைக் கொஞ்சம் சூடாக்கினால் மறுபடி சுறுசுறுப்பாகிவிடும். நிஜமாக அதன் கதையை முடிப்பது சூடுதான். டிரையரில் 90 டிகிரிக்கு மேற்பட்ட காற்று பட்டுப் புரதம் உருக்குலைந்துவிட்டால் அப்புறம் ஆறவைத்தாலும் திரும்பாது. கிரீன் டீக்கு இதையே முதலில் செய்கிறார்கள், ஆவி காட்டிய இலை எவ்வளவு உருட்டினாலும் சிவக்காது. மேலே ஒருவர் சூடு கூடக்கூட வேகமும் கூடுமா என்று கேட்டிருக்கிறார். ஓரளவுக்குத்தான், ரொம்பச் சூடானால் நொதியே உருக்குலைந்துவிடும்; அதற்கு முன்பே, புளிக்கவைக்கும்போது (இலை செம்பு நிறமாகும் கட்டத்தில்) 30 டிகிரியைத் தாண்டினாலே டீயின் பளிச்சென்ற நிறமும் மணமும் போய்விடும், எங்கள் சூப்பர்வைசர் கத்த ஆரம்பித்துவிடுவார்.