பெரிசு எல்லாருக்கும் தோதுப்படாது
"வாங்குறதுன்னா 11 இன்ச் டேப்லெட்டே வாங்குங்க"ன்னு கட்டுரையில எழுதியிருக்கீங்க. எங்க பாம்பன் பக்கம் அது பாதிதான் சரி. அக்கா மகளுக்கு முதல்ல 8.3 இன்ச் ஐபேட் மினி வாங்கினேன். 300 கிராம்கூட இல்ல, ஒரு கைக்குள்ள அடங்கும். ஆனா பாடப்புத்தக பிடிஎஃப் திறந்தா எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. பிள்ளை பக்கத்துக்கு நாலு தடவை விரலால இழுத்துப் பெரிசாக்கும். அப்புறம் 11 இன்ச் வாங்கியாச்சு. மூலைக்கு மூலை 3 இன்ச்கூட வித்தியாசம் இல்ல, பரப்பு மட்டும் முக்கால் பங்கு அதிகம்!

மினி இப்ப மச்சானோட வள்ளத்துல, வரைபடம் பார்க்க. நல்லவேளை, சிம் போடுற மாடல்; வைஃபை மட்டும் உள்ள ஐபேட்ல, நாம இருக்குற இடத்தைக் காட்டுற ஜிபிஎஸ் கிடையாது. ஈரக்கையால தொட்டா திரை ஒழுங்காக் கேட்காது, அது வேற பாடு.