மாத்திரையும் வீடு தேடி வரவேண்டும்
காப்பகத்தை விட்டு வீட்டுக்கு அனுப்பினாலே மனநோயாளி பாதி குணமாகிவிடுவார் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் தீயில் செத்த பிறகு அங்கிருந்த காப்பகங்களை மூடினார்கள், அது சரி. வீட்டுக்கு வந்த பிறகு யார் பார்ப்பது? அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்கு மனச்சிதைவு. மாதாமாதம் மாத்திரைக்காகச் சித்தி அவரைப் பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போவார். அன்றைக்குப் பீடி சுற்றுகிற கூலி போய்விடும். ஒரு மாதம் தவறினால் போதும், சித்தப்பா ராத்திரியெல்லாம் தூங்காமல் வாய்க்கால் கரையில் தனியாகப் பேசிக்கொண்டு நடப்பார். அவர் தேறியதில் தெருமுனை டீக்கடைக்காரருக்குப் பெரிய பங்கு உண்டு: தண்ணீர் எடுத்துவைக்கிற வேலை கொடுத்து, மற்றவர்களுக்குப் போலவே கூலியும் கொடுத்தார். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறதே, சித்தப்பாவின் மாத்திரையும் அப்படி எங்கள் தெருவுக்கு வரவேண்டும்.