டியூப் லைட் போட்ட புண்ணியவானுக்கு

சனிக்கிழமை குன்னூர் ஹாலில் தோல்பாவைக்கூத்து: பின்னால் விளக்கு, முன்னால் வேட்டியில் கட்டிய திரை, நடுவில் ஆட்டும் தோல் பாவைகளின் நிழல்தான் நாடகம். பாதியில் யாரோ ஹால் டியூப் லைட்டைப் போட்டார்கள், அப்புறம் நாடகத்தின் மேலேயே குறை எழுதுகிறார்கள். நிழல் நாடகம் ஓடும்போது ஹால் லைட்டைப் போடக் கூடாது. விஷயம் அவ்வளவுதான்.

"நிழல் மங்கிப்போச்சு, அதான் போட்டோம்" என்கிறார்கள். ஐயா, அது மங்கிப்போகவில்லை, மங்க வைத்தது. காதல் காட்சியில் மனைவி, காதலன் இரண்டு பாவையும் திரைத் துணியோடு ஒட்டி நின்றன. அதனால்தான் அவள் மூக்குத்திக்கு உளியால் போட்ட பொட்டுத் துளைகூட மின்னியது. புருஷனுக்குச் சந்தேகம் வந்ததும் அவன் பாவையை மட்டும் விளக்குப் பக்கம் இழுத்தார்கள். விளக்குக்கும் திரைக்கும் 5 அடி. விளக்கிலிருந்து 1 அடியில் பாவை நின்றால் நிழல் 5 மடங்கு. திரை முழுக்க அவன் நிழல்தான். வெள்ளைக் கண்ணாடி போட்ட பால் பல்பு என்பதால் ஓரமெல்லாம் கரைந்து, நிறம் வெளுத்து, முகமில்லாத ஒரு கறுப்பு அந்த இருவர் மேலும் படர்ந்தது. (எல்.இ.டி. பட்டை கட்டியிருந்தால் ஒன்றுக்குப் பத்து நிழல் விழுந்து கெட்டிருக்கும்.) பொறாமைக்கு ஒரு வரி வசனம்கூட வைக்காத நாடகம். சரியாக அந்த நொடியில் டியூப் லைட்! முன்பக்கம் வெளிச்சம் விழுந்தால் வேட்டி வெறும் வேட்டிதான்.

குழந்தைகள் பயந்தார்களாம். இருக்கலாம். வெளியே தூக்கிப் போயிருக்கலாமே.

"தோல்பாவைக்கூத்துன்னா ராமாயணம்தானே?" என்றும் கேட்கிறார்கள். நல்லதங்காள் ஆடவில்லையா? அரிச்சந்திரன் ஆடவில்லையா? கோமாளிகள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நடுவில் புகுந்து அடித்துக்கொள்வது எந்தக் காண்டத்தில் வருகிறது?

அப்புறம், அரை மணி நேரம் தாமதமாம். பாவை செய்த ஆட்டுத் தோல் அப்பளம் மாதிரி. மூடுபனி ஏறினால் நமத்துவிடும். குச்சி நிமிர்ந்து நிற்கும், தலை தொங்கும். ஒவ்வொரு பாவையாக பல்புக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, இரண்டு பக்கமும் சூடு காட்டி உலர்த்த வேண்டும். இன்னும் கிட்டே கொண்டுபோனால் சுருண்டுகொள்ளும், பிறகு நிமிராது. இருபது பாவைக்கு அரை மணி நேரம் அதிகமா? அதுவும், கதவை அகலத் திறந்துவைத்து டீ விற்று, பனியை உள்ளே கூப்பிட்டது யார்?

இலவசமாகப் பார்த்துவிட்டு "டெக்னிக்கல் ஃபால்ட்" என்று எழுதுகிறீர்களே, அதுதான் வலிக்கிறது. மன்னிப்பெல்லாம் வேண்டாம். அடுத்த தடவை அந்த சுவிட்சுக்குக் கீழே ஒரு நாற்காலி போடுங்கள், நானே உட்காருகிறேன். டீயும் கொடுங்கள், கதவைச் சாத்திவிட்டு.